உபகாரச் சம்பளமா, உரிமைச் சம்பளமா?



நம் பாட்டனார் காலத்துத் தமிழில் பென்ஷனுக்கு ஒரு பெயர் வழங்கிற்று. அதனை 'உபகாரச் சம்பளம்' என்றார்கள். இன்று 'ஓய்வூதியம்' என்கிறோம். நான் குடியேறி வாழும் கன்னட நாட்டில் 'பிஞ்சணி' என்பார்கள். இம்மூன்றனுள் பழைய சொல்லைத்தான் இன்று எடுத்துக்கொண்டேன். ஏனெனில், அச்சொல்லின் உள்ளேயே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. உபகாரம் என்பது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. மனம் இருந்தால் கொடுப்பார், இல்லையேல் கதவைச் சாத்துவார். சம்பளம் என்பதோ உழைத்தவர் கேட்டு வாங்குவது. போர்ப் பணியில் உடல் ஊனமுற்று, முதுமையில் வறுமையும் வந்து சூழ்ந்த ஒரு படைவீரருக்கு அரசாங்கம் அளிக்கும் பணம் இவ்விரண்டில் எது? இக்கேள்விக்கு விடை தெரியாமையால் கைக்கு எட்டியதை இழந்து நிற்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

மைசூரின் வடமேற்குப் புறத்தில் ஹெப்பாள் என்றொரு பகுதி இருக்கிறது. முன்பு ஏரியும் வயலுமாக இருந்த கிராமம் அது; இன்று தொழிற்பேட்டையும், தகவல் தொழில்நுட்ப வளாகமும், புதிய குடியிருப்புகளும் நிறைந்து நகரத்தின் ஓர் அங்கமாகிவிட்டது. ஏரி மட்டும் இன்னும் இருக்கிறது. பிழைப்பைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் அங்கே வாழ்கிறார்கள். அப்பகுதியில் வாழும் ஒரு முதியவரை உங்கள் மனக்கண்முன் நிறுத்த விரும்புகிறேன். அவர் தனி ஒருவர் அல்லர். பலருடைய கதையைச் சேர்த்து நான் வரைந்துகொண்ட உருவம். ஆகவே அவருக்குப் பெயர் வேண்டாம். பெரியவர் என்றே அழைப்போம்.

பெரியவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். சீனத்துப் போருக்கு மறுவருஷம், 1963-இல், பதினெட்டு வயதில் படையில் சேர்ந்தார். 1971-ஆம் ஆண்டுப் போரின்போது காலில் அடிபட்டது. மறு ஆண்டு மருத்துவக் குழுவினர் அவரைப் பரிசோதித்து, இனிப் படைப்பணிக்குத் தகுதியற்றவர் என்று எழுதினார்கள். ஆனால் அவருடைய ஊனம் 20 சதவிகிதத்திற்கும் குறைவு என்றும் அதே தாளில் எழுதினார்கள். பணிக்காலம் ஒன்பது ஆண்டுகள். கையில் ஒரு சிறு தொகையைக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். பிறகு மைசூருக்கு வந்து, ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலை வாயிலில் பல ஆண்டுகள் காவல் காத்தார். இப்பொழுது எண்பது கடந்துவிட்டது. நிற்க இயலாத காவல்காரருக்கு எந்த வாயிலிலும் வேலை இல்லை. "தாத்தா, உங்களுக்குப் பென்ஷன் வருகிறதா?" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டால், "நமக்கு அதெல்லாம் கிடையாது, தம்பி, அப்பொழுதே கணக்கை முடித்துவிட்டார்கள்" என்பார்.

கணக்கு உண்மையாகவே முடிந்துவிட்டதா? அதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

ஹெப்பாள் என்ற பெயருடன் பெங்களூரிலும் ஓர் இடம் உண்டு. அங்கே 2018-ஆம் ஆண்டில் கால்வாய் தோண்டியபோது ஒரு வீரக்கல் வெளிப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 750-ஆம் ஆண்டினது, கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில் தன் நாட்டைக் காக்கப் போரிட்டு மாண்ட கிட்டய்யன் என்பவனுக்கு எடுக்கப்பட்ட கல். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவன் பெயர் அழியவில்லை. அக்காலத்து மக்கள் கல்லோடு நின்றுவிடவும் இல்லை. போரில் மாண்டவன் குடும்பத்திற்கு நிலம் கொடுத்தார்கள். தமிழ்க் கல்வெட்டுகள் அதனை 'உதிரப்பட்டி' என்கின்றன. கன்னடக் கல்வெட்டுகள் 'நெத்தருகொடகெ' என்கின்றன. உதிரம் என்றாலும் நெத்தரு என்றாலும் பொருள் ஒன்றுதான். சிந்திய இரத்தத்திற்கு மண் ஈடாக வேண்டும் என்பதில் இரு மொழியினரும் ஒரே கருத்தினராக இருந்தனர்.

இந்த மைசூருக்கும் அத்தகைய பெருமை உண்டு. முதல் உலகப் போரில், 1918 செப்டம்பர் 23 அன்று, ஹைஃபா நகரைக் கைப்பற்றிய குதிரைப்படைகளில் மைசூர்ப் படையும் ஒன்று. டில்லியில் 'தீன்மூர்த்தி' எனப்படும் மூன்று சிலைகளில் ஒன்று மைசூர் வீரனைக் குறிப்பது. பெருமைதான். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கல்லாய் நிற்பவனுக்குப் பசி இல்லை, மருந்துச் செலவு இல்லை, வாடகை இல்லை. மாண்டவனைப் போற்றுவது எளிது. விழுப்புண் பட்டு உயிரோடு மீண்டு, நம் தெருவிலேயே நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாழ்கிறவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்வதே கடினம். ஏனெனில், அவன் ஒவ்வொரு மாதமும் உண்ணவேண்டியிருக்கிறது.

இன்றைய அரசாங்கத்தின் வழி வேறு. விதி வகுத்துப் பணம் கொடுக்கிறது. அவ்விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிப்பாய் முதலிய நிலையினர் வழக்கமான ஓய்வூதியம் பெற 15 ஆண்டுப் பணி வேண்டும். பணியின் காரணமாக ஊனமுற்றோ, இருந்த நோய் பணியினால் முற்றியோ, படையை விட்டு அனுப்பப்பட்டவருக்கு ஊன ஓய்வூதியம் உண்டு. அதில் பணிக்கு ஒரு பகுதி, ஊனத்திற்கு ஒரு பகுதி. ஊனம் முழு அளவினதாயின், அதற்குரிய பகுதி கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 30 சதவிகிதம். போர்க்களத்துக் காயத்தினால் வெளியேற்றப்பட்டவராயின், முழு ஊனத்திற்கு அப்பகுதி முழு ஊதிய அளவாகவே இருக்கும். ஊனம் குறையக் குறையத் தொகையும் குறையும். 20 சதவிகிதத்திற்குக் கீழே போனால் ஊனப் பகுதி இல்லை என்பதே பழைய வழக்கம்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. ஒரு வீரருடைய எஞ்சிய வாழ்நாள் முழுவதும், மருத்துவக் குழுவினர் ஒரு தாளில் எழுதும் ஒரே வரியைச் சார்ந்து நிற்கிறது. காயம் போரினால் வந்ததா, பணியினால் வந்ததா, தானே வந்ததா என்பது அவ்வரியின் ஒரு பாதி; ஊனம் எத்தனை சதவிகிதம் என்பது மறு பாதி. அந்த வரியை எழுதியபோது வீரர் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது. அவர் கையொப்பமிட்டார், ஊருக்கு வந்தார். நம் பெரியவருக்கு நேர்ந்ததும் இதுவே. பணிக்காலம் பத்து ஆண்டுகூட நிறையாமையால், தகுதியிழந்தோர்க்குரிய ஓய்வூதியமும் அவருக்குக் கிட்டவில்லை. அந்தப் பத்து ஆண்டு வரம்பை அரசாங்கம் 2020 ஜூலையில் தளர்த்தியது. ஆயினும் அச்சலுகை 2019 ஜனவரி 4 அன்றோ அதன் பின்னரோ பணியில் இருந்தவர்களுக்கே என்று வரையறுத்தது. 1972-இல் வெளியேறியவருக்கு அது எட்டாது.

இந்த இடத்தில்தான் நீதிமன்றங்கள் நமக்குத் துணை வருகின்றன. 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில், ஓய்வூதியம் அரசாங்கம் மனமிரங்கி அளிக்கும் கொடை அன்று, ஊழியரின் உரிமை என்று உச்சநீதிமன்றம் கூறிற்று. 1982 டிசம்பர் 17 அன்று டி. எஸ். நகாரா வழக்கில் அதனை மேலும் விரித்து உறுதி செய்தது. அந்த நாளையே ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். 'உபகாரம்' என்ற சொல்லின் ஆயுள் சட்டத்தில் அத்துடன் முடிந்தது. நம் மனத்தில் இன்னும் முடியவில்லை.

படைவீரர்களைப் பற்றிய வழக்குகளில் மூன்றனை மட்டும் சொல்கிறேன். தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985-இல் தகவல் தொடர்புப் படைப்பிரிவில் சேர்ந்தார். வலிப்பு நோய் கண்டது. 20 சதவிகித நிரந்தர ஊனம் என்று மதிப்பிட்டு 1994-இல் அனுப்பிவிட்டார்கள். நோய் பணியினால் வந்ததன்று என்று எழுதியதால் ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. படையில் சேர்க்கும்போது உடல் நலம் உள்ளவர் என்று பரிசோதித்துத்தானே சேர்த்தீர்கள். அப்பொழுது எந்த நோயும் குறிக்கப்படவில்லையெனில், பின்னர் வந்த நோய் பணியினால் வந்ததென்றே கொள்ளவேண்டும். அன்று என்று காட்டும் பொறுப்பு அரசாங்கத்தினுடையது. ஐயம் எழுந்தால் அதன் பயன் வீரருக்கே சேரும். அத்தீர்ப்பின் சாரம் இது.

மறு ஆண்டு, 2014-இல், சுக்விந்தர் சிங் வழக்கு வந்தது. மருத்துவக் காரணத்தால் படையை விட்டே ஒருவர் அனுப்பப்பட்டாராயின், அவர் ஊனம் 20 சதவிகிதத்திற்கு மேற்பட்டதென்றே கொள்ளவேண்டும் என்றது உச்சநீதிமன்றம். நியாயம் எளிது. வேலைக்கே உதவாத அளவு ஊனம் என்று சொல்லிய அதே வாயால், பணம் கொடுக்கும் அளவு ஊனம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹெப்பாள் பெரியவருடைய தாளில் இருக்கும் முரண்பாடும் இதுதான் அல்லவா?

மூன்றாவது தர்சேம் சிங் வழக்கு. அவர் 1983-இல் வெளியேற்றப்பட்டவர். ஊன ஓய்வூதியம் கேட்டு நீதிமன்றத்தை நாடியதோ 1999-இல். பதினாறு ஆண்டுத் தாமதம். 2008-இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தீங்கு, ஆகவே தாமதம் ஒன்றையே காரணமாக்கிக் கதவை அடைக்க வேண்டியதில்லை என்றது. ஆனால் நிலுவைத் தொகையை, வழக்குத் தொடுப்பதற்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கொடுக்கச் சொல்லிற்று. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலம் கடந்தால் உரிமை சாவதில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் தேய்கிறது. இன்று கேட்பதற்கும் அடுத்த ஆண்டு கேட்பதற்கும் ஓராண்டுப் பணம் வேறுபாடு.

வழக்கு ஒவ்வொன்றும் அதனதன் விவரங்களைப் பொறுத்தது. எல்லோருக்கும் வெற்றி கிட்டும் என்று நான் வாக்களிக்க முடியாது. வழக்குத் தேறும்வரை, அல்லது தேறாமலே போனாலும், அடுப்பு எரியவேண்டுமே. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஓய்வூதியம் எதுவும் பெறாத முன்னாள் படைவீரருக்கும் அவர்தம் விதவைக்கும், அவர்கள் 65 வயது கடந்து நிலையான வருவாயின்றி இருப்பின், மத்திய படைவீரர் வாரியம் மாதந்தோறும் வறுமை நிவாரண உதவி வழங்குகிறது. ஹவில்தாரும் அதற்கு ஒத்த, அதற்குக் கீழ்ப்பட்ட நிலையினரும் இதற்கு உரியவர்கள். மாதம் ரூ. 4,000 ஆக இருந்த இத்தொகையை, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு ரூ. 8,000 ஆக உயர்த்துவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 266 ரூபாய். பெருஞ்செல்வம் அன்று, ஆனால் மருந்துக்கும் சோற்றுக்கும் பிறர் முகம் பார்க்கவேண்டாத நிலை.

இப்பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று பள்ளிப் பிள்ளைகள் உண்டியலோடு வந்து, நம் சட்டையில் ஒரு சிறு கொடியைக் குத்திவிட்டுப் போகிறார்களே, 1949 முதல் நடந்துவரும் அந்தக் கொடிநாள் நிதியிலிருந்து வருகிறது. நீங்களும் நானும் போட்ட காசு அது. நாம் அன்றைக்கே மறந்துவிடுகிறோம். உரியவர் கைக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று ஒருவரேனும் திரும்பிப் பார்த்தால்தான் அந்த ஈகை நிறைவு பெறும்.

இனி, வெளிமாநிலத் தமிழருக்கு மட்டுமே உரிய ஒரு தொல்லையைச் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தனர்; போர் முடிந்ததும் பெரும்பாலோர் ஓய்வூதியமின்றி விடுவிக்கப்பட்டனர். அவர்களுக்காக மாநில அரசாங்கங்கள் பல தனியே உதவித்தொகை ஏற்படுத்தின. ஆனால் மாநில உதவிகள் பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தில் வாழ்வோர்க்கே. வேலூரில் பதிவு, மைசூரில் வாழ்க்கை என்று இருப்பவர் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று இடையில் விழுந்துவிடுகிறார். படைவிலகல் புத்தகம் ஊரில் அண்ணன் வீட்டுப் பெட்டியில் கிடக்கும். அதில் ஒரு பெயர், ஆதாரில் ஓர் எழுத்து மாறிய பெயர். அலுவலகத்தில் பேசுவது கன்னடம், படிவம் ஆங்கிலம், முதியவர் அறிந்தது தமிழும், படையில் கற்ற கொஞ்சம் இந்தியும். இவ்வளவு வேலிகளையும் தாண்ட அடிபட்ட கால் போதாது.

ஆகவே வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். முதலாவது, படைவிலகல் புத்தகத்தைத் தேடி எடுக்கவேண்டும். தொலைந்துபோயிருந்தால், அவர் பணியாற்றிய பிரிவின் ஆவணக் காப்பகத்திலிருந்து மாற்றுச் சான்று கோரலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் வெலிங்டன். மெட்ராஸ் பொறியாளர் படைக்குப் பெங்களூர். பீரங்கிப் படைக்கு நாசிக். தகவல் தொடர்புப் படைக்கு ஜபல்பூர். மின்னியல், இயந்திரவியல் படைக்குச் செகந்திராபாத். படை எண் நினைவில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தம் மகள் பிறந்த தேதியை மறந்த முதியவரும் படை எண்ணை மறக்கமாட்டார், கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, இப்பொழுது வாழும் மாவட்டத்துப் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டை பெறவேண்டும். சொந்த மாவட்டத்தில் முன்பே பதிவு இருந்தால் அதனை மாற்றிக்கொள்ளலாம். மைசூரிலும் அவ்வலுவலகம் இருக்கிறது. மத்திய வாரியத்தின் உதவி நாடு முழுவதற்கும் பொது; பிறந்த மாநிலம் எது என்று அது கேட்பதில்லை. விண்ணப்பம் இணையத்தின் வழியே போகவேண்டும். மாவட்ட அலுவலகம் அதனைச் சரிபார்த்துப் பரிந்துரைக்கும். மூன்றாவது, மருத்துவக் குழு எழுதிய தாளின் நகலைக் கேட்டுப் பெற்று, சட்டம் அறிந்த ஒருவரிடம் காட்டவேண்டும். 2009 முதல் ஆயுதப்படைத் தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன. தமிழ்நாட்டு வழக்குகளுக்குச் சென்னை அமர்வும், கர்நாடகத்து வழக்குகளுக்குக் கொச்சி அமர்வும் உள்ளன. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்கவேண்டாம். 2025 ஜூலை 26 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு படைவீரர் குடும்பங்களுக்கென்றே ஓர் இலவச உதவித் திட்டத்தைத் தொடங்கி, படைவீரர் வாரியங்களில் சட்ட உதவி மையங்களை அமைக்க வகை செய்திருக்கிறது.

இத்தனைக்கும் மேலாக ஒரு தடை இருக்கிறது. அது எந்த அலுவலகத்திலும் இல்லை. முதியவர் உள்ளத்தில் இருக்கிறது. "கை நீட்டவேண்டாம், தம்பி; இருக்கிற நாளை இப்படியே ஓட்டிவிடுகிறேன்" என்பார். அது மானம் உள்ளவர் பேச்சு. நாம் அதை மதிக்கவேண்டும். ஆனால் அந்த மானத்திற்கு அடியில் பழைய பெயர் ஒளிந்துகொண்டிருக்கிறது. உபகாரம் என்று எண்ணுவதனால்தான் அவருக்குக் கூச்சம். தாம் உழைத்துச் சேர்த்துவைத்த நெல்லை வாங்கிவரக் களஞ்சியத்திற்குப் போகிற குடியானவன் கூசுவதுண்டோ? "ஐயா, இது தருமம் அன்று, 1971-இல் தாங்கள் கொடுத்த காலுக்கு இந்த நாடு இன்னும் தீர்க்காத பாக்கி" என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பக்கத்து வீட்டாராக இருந்தால் நல்லது. நம் மொழி பேசுபவராக இருந்தால் இன்னும் நல்லது.

வெளியூரில் வாழும் நாம் தமிழ்ச் சங்கம் அமைக்கிறோம். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம். ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்கினால் என்ன? நம் பகுதியில் வாழும் முன்னாள் படைவீரர் யார், விதவையர் யார், அவர்களுக்குப் பணம் வருகிறதா என்று வீடு வீடாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஆங்கிலம் அறிந்த பிள்ளை படிவத்தை நிரப்பட்டும். கன்னடம் அறிந்த பெண் அலுவலகத்திற்குத் துணையாகப் போகட்டும். வண்டி உள்ளவர் அழைத்துச் செல்லட்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. கேட்டுவிட்டுப் பாதியில் விட்டுவிடாத பொறுமை மட்டும் வேண்டும். ஏனெனில், முதல் முறை போனவுடன் காரியம் முடிவதில்லை.

'ஆகாசவாணி' என்ற பெயருடன் இந்தியாவில் முதல் வானொலி ஒலித்தது இந்த மைசூரில்தான். 1935-இல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்திலிருந்தே அதனைத் தொடங்கினார். எழுத்தறியாதவர் செவிக்கும் வானிலிருந்து ஒரு சொல் சென்று சேரவேண்டும் என்பதே வானொலியின் பயன். இன்றைய சொல்லை நான் சொல்லிவிட்டேன். ஆனால் ஹெப்பாளில் இருக்கும் அந்தப் பெரியவரிடம் இந்நேரம் வானொலிப் பெட்டி இருக்குமோ, இராதோ! அவர் வாசலுக்கு இதனைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியவர்கள், கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள். நாளைக் காலையில் அவரைப் பார்த்தால், நலம் விசாரித்தபின், அவருடைய படை எண் என்ன என்று கேளுங்கள்.